ஐம்பது ரூபாயும் ஒரு குட்டியானையும்

உத்தமபாளையம் தாலுகா ஆபீஸில் எனக்கு அப்படி என்னதான் வேலை என்று வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பட்டா மாறுதல், சிட்டா நகல், அடங்கல், வாரிசுச் சான்று என்று ஒரு சம்சாரி சொல்லக்கூடிய காரணம் அத்தனையும் சொல்லித் தீர்த்தாயிற்று. சிட்டாவெல்லாம் இப்போது செல்போனிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று மகள் வேறு போட்டுக்கொடுத்துவிட்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்கடியில் விடியலிலிருந்து குனிந்து நிமிர்ந்துவிட்டு, அவசர அவசரமாகக் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, கம்பத்துக்கு பஸ் ஏறி, அங்கே இறங்கி இன்னொரு பஸ் மாறி நான் போவதெல்லாம் ஒரு வண்டியைப் பார்க்கத்தான். காலேஜ் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற ஒரு குட்டியானை லோடு வண்டியை!

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியவன், பேங்கில் பயிர்க்கடன் வைத்திருப்பவன், கவாத்துக்கு ஆள் கிடைக்காமல் அல்லாடுகிறவன், பத்தொன்பது வயசுப் பையன்களுக்கு நடுவில் ஐம்பது ரூபாய்த் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறேன் என்றால் எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்த வரிசையில் ஒருதரம் நின்று சாப்பிட்டுவிட்டு வந்து சிரியுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

உத்தமபாளையத்துக் காலேஜ் என்றால் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரியும், ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி. 1956-ல் தொடங்கியது. தேனி மாவட்டமே 1996-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்து வந்தது என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், மாவட்டத்தைவிட நாற்பது வயசு மூத்த காலேஜ். கூடலூர், கம்பம், சின்னமனூர், கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம் என்று எங்கெங்கிருந்தோ காலையில் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். அவர்கள் எழுந்திருக்கிறபோது பல வீடுகளில் அம்மா இருக்கமாட்டார், ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிற ஜீப்பெல்லாம் இருட்டோடு கிளம்பிவிடும். இருக்கிறதைக் கரைத்துக் குடித்துவிட்டு ஓடிவருகிற பையனுக்குப் பன்னிரண்டரை மணிக்கு வயிற்றில் என்ன நடக்கும்? கையில் இருப்பதோ ஐம்பது ரூபாய், மிஞ்சிப்போனால் அறுபது. மெஸ்ஸுக்குப் போனால் சாம்பார் ஊற்றுவதற்குள் பணம் தீர்ந்துவிடும். அந்தப் பசியின் எதிரில்தான் நம்ம வண்டி வந்து நிற்கிறது. நான் படித்த காலத்தில் இது இல்லையே என்ற வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது நான் சொல்வதை அப்படியே மனசில் ஓட்டிப் பாருங்கள். ஆடி மாசம். மேற்கே மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, இங்கே வெயிலும் சாரலும் மாறி மாறி அடிக்கின்றன, வாழைத்தோட்டத்து இலையெல்லாம் நார்நாராகக் கிழிந்து ஆடுகிறது, வேட்டி கட்டியவன் ஒரு கையை அதற்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டும், அப்பேர்ப்பட்ட காற்று. அந்தக் காற்று வண்டியைத் தாண்டித்தான் பஸ் நிற்கிற பக்கம் வரும். படியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைப்பதற்குள் நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் வதங்குகிற வாசம் வந்து மூஞ்சியில் அடிக்கிறது, அதற்குப் பின்னாலேயே கறிவேப்பிலை, அதற்குப் பின்னால் பட்டை சோம்பு, கண்டக்டர் மீதிச் சில்லறைக்குக் கூப்பிடுகிறார், எனக்குக் காது கேட்கவில்லை. நடையா அது, ஓட்டம்! நடுவயசுக்காரன் செருப்பு தெறிக்க ஓடுவதை டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கிறார்கள், யாரோ செத்துப்போனார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

வண்டியைப் பாருங்கள். ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். பக்கவாட்டுத் தகரத்தைக் கீல் போட்டு மேலே தூக்கிவிட்டால் அதுவே கூரை. காற்றுக்கு அணையாமல் இருக்க அடுப்பைச் சுற்றி எண்ணெய் டின்னை வெட்டி மறைப்பு. இரண்டு பெரிய தேக்சா, ஒரு எவர்சில்வர் அண்டா நிறைய குடிதண்ணீர், அன்றைக்கு வெட்டிய வாழை இலைக் கட்டு. டிரைவர் ஸீட்டுக்கு முன்னால் கண்ணாடியில் பிள்ளையார், பக்கத்திலேயே பென்னிகுயிக் படம். எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை. 1895-ல் அந்த மனுஷன் பெரியாறு அணையைக் கட்டி முடித்திருக்காவிட்டால் லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் ஏது, அந்தச் சோறு ஏது? தேக்சா மூடியைத் திறந்ததும் முதல் ஆவி நேராகப் போய் அந்தக் கண்ணாடியில்தான் படியும். தினமும் மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு பென்னிகுயிக்குக்கு நடக்கிற தீபாராதனை அது என்று நான் சொல்லுவேன், பையன்கள் சிரிப்பார்கள்.

வண்டி நடத்துவது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். சமைக்கிற அந்தப் பெண்ணைவிட எனக்கு வயசு கூடத்தான், ஆனாலும் காலேஜே அக்கா என்று கூப்பிடும்போது நான் மட்டும் தங்கச்சி என்று சொல்லிப் பார்த்தேன், யாரைக் கூப்பிடுகிறேன் என்று யாருக்கும் புரியவில்லை. நானும் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் அடுப்பு, வீட்டுக்காரர் இலை, காசு, கணக்கு. சிலேட்டுப் பலகையில் சாக்பீஸில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: தக்காளிச் சோறு 35, எலுமிச்சைச் சோறு 35, தயிர்ச் சோறு 30, குஸ்கா 50, கரண்டி ஆம்லெட் 15, திராட்சை ஜூஸ் 10. குஸ்கா எல்லா நாளும் கிடையாது. பரோட்டா எந்த நாளும் கிடையாது.

பரோட்டா இல்லாத வண்டி! இந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் தெரியுமா? கூடலூரிலிருந்து தேனி வரைக்கும் தடுக்கி விழுந்தால் பரோட்டாக் கல்லில்தான் விழ வேண்டும். பொழுது சாய்ந்தால் பஜாரெல்லாம் கொத்துகிற சத்தம்தான். கடல் தாண்டி இலங்கைக்குப் போனாலும் கொத்து ரொட்டி என்று அதே சத்தம் கேட்கும். நானும் பரோட்டா பக்தன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மத்தியானம் பரோட்டாவைத் தின்றுவிட்டு இரண்டு மணி கிளாஸில் உட்காருகிற பையன் கண் சொருகாமல் இருப்பானா? சோறு வேண்டும், வயிறு நிறைய வேண்டும், மந்தமடிக்கக் கூடாது. இது யாரோ உட்கார்ந்து யோசித்த பட்டியல்.

சரி, வரிசை நகர்கிறது. நம்ம முறை வந்துவிட்டது. இங்கே கொஞ்சம் மெதுவாகப் போகலாம், ஏனென்றால் இந்த இடத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்து வந்தேன். கரண்டி ஆம்லெட்.

நீளக் காம்பு வைத்த இரும்புக் குழிக்கரண்டி, உள்ளங்கை கொள்ளுகிற குழி, எத்தனை வருஷமோ எண்ணெய் குடித்துக் குடித்துக் கருத்து மினுமினுக்கிறது. அதை நேராகத் தீயின் மேல் பிடித்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். எண்ணெய் காய்ந்து லேசாகப் புகைகிற வரைக்கும் அக்கா காத்திருப்பார், நமக்கோ நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்தப் பக்கம் டம்ளரில் முட்டையை உடைத்து, பொடிசாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கிள்ளிய கறிவேப்பிலை, உப்பு, இடித்த மிளகும் சீரகமும் போட்டு, ஸ்பூனால் டக்டக்கென்று அடித்து, நுரை தளும்புகிறபோது கரண்டிக்குள் ஒரே ஊற்று. சொய்ங்ங்! ஐயா, அந்தச் சத்தம்! ஓரமெல்லாம் சடசடவென்று குமிழ் விட்டு, நடுவில் முட்டை மெல்ல மூச்சு வாங்க ஆரம்பித்து, எழும்பி, எழும்பி, கரண்டியின் விளிம்பைத் தாண்டிக் கும்பகோபுரமாக உப்பி நிற்கும். இப்போது விழுந்துவிடும், இதோ விழுந்துவிடும் என்று வரிசையே எட்டிப் பார்க்கும்போது அக்கா ஸ்பூன் நுனியை ஓரத்தில் விட்டு ஒரு நெம்பு, ஒரு திருப்பு, அடிப்பக்கம் மேலே வந்துவிடும், செம்பொன் நிறம், அங்கங்கே கருகின வெங்காயத்தின் புள்ளி, எண்ணெய் பளபளப்பு. இன்னும் பத்து எண்ணுவதற்குள் இலையில் விழும். நான் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு "ஆகா" என்று சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போகிறேன், முடியவில்லை. பின்னால் நிற்கிற பையன், "மாமா, தினமும் இதே முட்டைதான மாமா?" என்று கேட்கிறான். டேய் மாப்ள, உனக்குத் தெரியாதுடா. நாற்பது வயசுக்கு மேல் ஒரு மனுஷனுக்கு வாய்விட்டு ஆகா என்று சொல்ல எத்தனை சந்தர்ப்பம் கிடைக்கும்?

விரலால் கிள்ளிப் பாருங்கள். மேலே மொறுமொறுவென்று ஒரு தோல், உள்ளே பஞ்சு, அந்தப் பஞ்சுக்குள் சூடான காற்று. நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் முதல் துண்டைச் சாப்பிட்டவர் யாரும் இல்லை. முதலில் நல்லெண்ணெய் வாசம், அப்புறம் வெங்காயத்தின் இனிப்பு, எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறபோது தொண்டைக்குள் மிளகு எட்டிப் பார்க்கும். தோசைக்கல்லில் பரப்பிப் போடுகிற ஆம்லெட்டில் இது வராது. அங்கே முட்டை படுத்துக்கொள்கிறது, கரண்டிக்குள் அதற்கு எழுந்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. மதுரைப் பக்கத்து ஓட்டல்களில் கரண்டி ஆம்லெட் பேர்போனதுதான், நானும் பல இடத்தில் தின்றிருக்கிறேன். ஆனால் அங்கே மேசைக்கு வந்து சேர்வதற்குள் பாதி இறங்கிவிடும். இங்கே அடுப்புக்கும் இலைக்கும் ஒரு முழம்தான் தூரம்.

ஆம்லெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தக்காளிச் சோறு கோபித்துக்கொள்ளும். கம்பம் உழவர் சந்தையில் விடியலில் வாங்குகிற நாட்டுத் தக்காளி, கனிந்து தொட்டால் அமுங்குகிற பழம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குவாராம் வீட்டுக்காரர். மற்றவர்கள் ஒதுக்கிவிட்டுப் போகிற பழம் அது, விலையும் குறைவு, புளிப்பும் இனிப்பும் இறங்கிச் சாறாகக் கொதிக்க அதுதான் தோது. சோறு ஒன்றோடொன்று ஒட்டாது, ஆனால் விரைத்துக்கொண்டும் நிற்காது, பிசைந்தால் விரலிடுக்கில் சிவப்பாக எண்ணெய் கசியும். எவர்சில்வர் தட்டு, மேலே வாழை இலைத் துண்டு. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தாளுக்குத் தடை வந்ததே, எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன நஷ்டம்? பார்த்த இடமெல்லாம் வாழை. சுடுசோறு பட்டதும் இலை வாடி ஒரு வாசம் கிளப்பும் பாருங்கள், அதற்கே ஐந்து ரூபாய் தனியாகக் கொடுக்கலாம். வெஞ்சனம் இரண்டு: உருளைக்கிழங்குப் பொடிமாஸ், தேங்காய்த் துவையல். துவையலை அம்மியில் அரைத்து எடுத்து வருகிறார்கள் என்று பொய் சொல்லமாட்டேன், மிக்சிதான். ஆனால் தேங்காயை வறுக்காமல், வரமிளகாயை மட்டும் சுட்டு, ஒரு கொட்டை புளி வைத்து, கொரகொரப்பாக நிறுத்துகிற அந்தப் பக்குவம் மிக்சிக்கா தெரியும்?

இன்னொரு ரகசியம் இருக்கிறது. குஸ்கா நாளில் தேக்சா காலியாகப் போகிற நேரம், ஒன்றரை மணி வாக்கில், அடியில் பிடித்த சோற்றை அக்கா சுரண்டுவார். கரகரவென்று அந்தச் சத்தம் கேட்டதும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவன்கூடத் திரும்ப ஓடிவருவான். மசாலாவும் நெய்யும் புதினாவும் இறங்கி இறங்கிப் பொறுக்குத் தட்டிய அடிச்சோறு! அதற்கு விலை கிடையாது, விற்கிற சாமான் இல்லை அது. யார் முகம் வாடியிருக்கிறதோ அவனுக்கு ஒரு அள்ளு. அரியர் வைத்தவனுக்கு, அன்றைக்குக் காலையில் சாப்பிடாமல் வந்தவனுக்கு, பேசாமல் ஓரமாக நிற்கிறவனுக்கு. "வாய்யா ராசா, இந்தா" என்று கரண்டியோடு நீட்டுவார். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்று வாங்கியிருக்கிறேன். வெட்கமா? எனக்கா?

எப்படிக் கட்டுப்படியாகிறது என்று எனக்குள் இருக்கிற சம்சாரி கணக்குப் போடாமல் இருப்பானா. அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை, சப்ளையர் சம்பளம் இல்லை. குஸ்கா நீங்கலாக மற்ற மூன்று வகைச் சோற்றுக்கும் அடிப்படை ஒன்றே, வடித்த சாதம். இரண்டேகால் மணிக்குத் தகரத்தை இறக்குகிறபோது தேக்சாவில் ஒரு பருக்கை இருக்காது, ஆகவே வீணும் இல்லை, நேற்றையதும் இல்லை. ஓட்டல்காரர்களை ஓட்டாண்டியாக்குவது மிச்சம்தானே. அதெல்லாம் சரி, எனக்குத் தோன்றுகிற காரணம் வேறு. இந்தப் பிள்ளைகளைவிடக் கொடூரமான நீதிபதிகள் உலகத்தில் கிடையாது. நம்மைப் போன்றவர்கள் ஒரு நாள் உப்புக் கூடினால், சரி போகட்டும் என்று விட்டுவிடுவோம். ஒருநாள் பூராவுக்கும் அந்த ஐம்பது ரூபாய்தான் என்கிறவன் விடமாட்டான். உருளைக்கிழங்கு வேகவில்லை என்றால் அங்கேயே, "அக்கா, கிழங்கு கட் அடிச்சிருச்சு போல" என்று சொல்லி மானத்தை வாங்கிவிடுவான். தினமும் முந்நூறு நாக்கு அல்ல, முப்பது நாக்கு இப்படி இருந்தால் போதும், எந்தச் சமையலும் புடம் போட்டு எடுத்ததாகிவிடும். விலை மலிவாக இருப்பதால் ருசி இப்படி இருக்கிறது என்று நான் சொன்னால் பைத்தியம் என்பார்கள். பரவாயில்லை, சொல்கிறேன்.

காசு வாங்குகிற பெட்டியும் ஒரு வேடிக்கை. ஸ்கேன் செய்து பணம் போட்டதும் அது உரத்த குரலில் இத்தனை ரூபாய் பெறப்பட்டது என்று ஊருக்கே அறிவிக்கும். நாற்பதுதான் இருக்கிறது என்று நாற்பதைப் போடுகிற பையனுக்கு அது சங்கடம் இல்லையா? அதனால் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் மட்டும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவார். பாட்டு யாருடையது என்று கேட்க வேண்டுமா, பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரர் இருக்கும்போது? இளையராஜா குரலில் பெட்டியின் குரல் அமுங்கிப்போகும். இதைக் கவனித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்க நேரமாயிற்று.

வெளிநாட்டில் இப்படி வண்டியில் சோறு விற்பதைப் பெரிய கலாச்சாரம் என்று கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 2008-ல் ராய் சாய் என்ற சமையல்காரரும் கூட்டாளிகளும் கோகி என்று ஒரு வண்டி விட்டார்கள், மெக்சிகோக்காரர்களின் டாக்கோவுக்குள் கொரியாக்காரர்களின் இறைச்சியை வைத்து. இன்றைக்கு ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்று அப்போதைய ட்விட்டரில் போட்டார்கள், ஜனம் தேடிப்பிடித்து வந்து வரிசையில் நின்றதாம். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் நம்ம அக்கா வாட்ஸப் ஸ்டேட்டஸ் போடுகிறார்! பத்தரை மணிக்கு, தேக்சாவுக்கு மேலிருந்து எடுத்த ஒரு படம், கீழே "இன்று குஸ்கா". அவ்வளவுதான், ஒரு வார்த்தை கூடுதல் கிடையாது. பந்தலுக்கடியில் மருந்து அடிக்கிற ஆளுக்குத் தண்ணீர் கலந்துகொடுத்துக்கொண்டே, மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒதுங்கி அதைத் திறந்து பார்க்கிறேன். கல்யாணமான புதிதில்கூட நான் போனை இப்படி ஒளித்துப் பார்த்ததில்லை.

திராட்சை ஜூஸ் விஷயத்தில் மட்டும் நான் சும்மா தலையாட்டுகிறவன் இல்லை, அது என் தொழில். பன்னீர் திராட்சை எங்கள் மண்ணின் பழம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள், 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சை என்று புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. கவாத்து அடித்து நாலு மாசத்தில் பழம், அதனால் வருஷம் பூராவும் யாராவது ஒருவர் தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டே இருக்கும். கொத்தாக இருந்தால் பெட்டிக்குப் போகும், காம்பிலிருந்து கழன்ற உதிரிப் பழத்தை வியாபாரி சீந்தமாட்டார். ருசி என்னவோ உதிரியில்தான்! நன்றாகப் பழுத்ததனால்தானே அது உதிர்ந்தது? அக்கா வாங்குவது அந்த உதிரி. நான் முதலில் பார்த்தது விதையை என்ன செய்கிறார் என்பதைத்தான். மிக்சியில் போட்டு விதையோடு அடித்தால் துவர்த்துத் தொலையும், கடைக்காரர்கள் பலர் அதை மறைக்கச் சர்க்கரையைக் கொட்டுவார்கள். இவர் பழத்தைச் சூடு பண்ணி, தோல் விட்டுப்போனதும் கையால் பிசைந்து, விதை உடையாமல் வடிகட்டி, ஆறவைத்து, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். கருநாவல் நிறத்தில் சின்ன டம்ளர். குடித்த பிறகு மூக்கு வழியாகப் பன்னீர் வாசம் திரும்பி வரும் பாருங்கள், இந்தப் பழத்துக்கு ஏன் அந்தப் பேர் வந்தது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த டம்ளரை வைத்துக்கொண்டு நான் அழாத குறை. உரம், மருந்து, பந்தல் கம்பி, ஆள் கூலி, கனமழை, விலை வீழ்ச்சி என்று வருஷம் முழுக்க இந்தப் பழத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, அது கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கக் கிடைப்பதே இல்லை. இங்கே ஒரு பையன் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு, "செம்மையா இருக்குக்கா" என்கிறான். போதுமய்யா, போதும்.

குறையே இல்லையா என்பீர்கள். உட்கார இடமில்லை. கை கழுவுகிற இடத்தில் கொஞ்சம் சேறு. இதையும் எழுதியிருக்க வேண்டாம்தான்.

ஆடி அமாவாசை வந்ததே, அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் எப்படி முடிப்பது! சுருளி தீர்த்தத்துக்கு ஜனம் திரண்டு வருகிற நாள். முன்னோர்களுக்குத் தர்ப்பணம் கொடுக்க விடியலுக்கு முன்பே பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும், எங்கள் சுருளிப்பட்டி ரோட்டில் ஒரு சைக்கிள் நுழைய முடியாது. நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன், கூட்டத்துக்கு நடுவில் ஊர்ந்து ஊர்ந்து வருகிறது ஒரு குட்டியானை. வெள்ளையாக இருந்து மங்கிய வண்டி. கண்ணாடியில் பிள்ளையார், பென்னிகுயிக். ஐயோ, நம்ம வண்டி! நம்ம ஊருக்கு! வாயில் பேஸ்ட் நுரையோடு கையைக் காலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன், எதிரே வந்த பங்காளியிடம் "வண்டி வந்துருச்சுடா" என்று கத்தினேன், எந்த வண்டி என்று அவன் கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட நிற்கவில்லை. அன்றைக்கு முட்டை கிடையாது, சுத்த சைவம். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு, ஊறுகாய். குளித்துவிட்டு ஈரத்தலையோடு குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் முகம் தெளிவதை ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அந்த வண்டியில் எனக்கு ஏதோ பங்கு இருக்கிற மாதிரி ஒரு பெருமிதம்.

வீட்டிலிருந்து எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்த முகமாக, "என்னண்ணே, இன்னைக்குத் தாலுகா ஆபீஸ் லீவா?" என்றாரே பார்க்கலாம்! என் சம்சாரம் மெதுவாகத் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பேசவில்லை, என் தட்டிலிருந்த புளிச்சோற்றை அவள் பக்கம் நகர்த்தினேன். நிலக்கடலையும் எள்ளுப்பொடியும் போட்டு, முந்தின ராத்திரியே கிளறி ஊறவைத்த புளிச்சோறு. ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். அப்புறம், "எள்ளு வறுத்தா போட்டிருக்க?" என்று அக்காவிடம் கேட்டாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் பக்குவம் பேச ஆரம்பித்துவிட்டார்கள், நான் பிழைத்தேன். இப்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம். அவளுக்கு மகளிர் இலவச பஸ், அதனால் பஸ் செலவும் கூடவில்லை.

நீங்களும் வாருங்கள். சுருளி அருவிக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டு நேரே கம்பம் போய் உத்தமபாளையம் பஸ் ஏறிவிடலாம், அருவிக் குளியலுக்குப் பிறகு வருகிற பசிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. காலேஜ் நாளாகப் பார்த்து வாருங்கள், லீவு நாளில் வந்து வெறும் ரோட்டைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது. பன்னிரண்டரைக்குள் வந்துவிட்டால் நல்லது, மணி அடித்துவிட்டால் உங்களுக்கு முன்னால் ஒரு டிபார்ட்மெண்டே நிற்கும். முதலில் ஒரு கரண்டி ஆம்லெட்டை மட்டும் தனியாக வாங்கி, நின்ற இடத்திலேயே, சுடச்சுட. அப்புறம் தக்காளிச் சோறு, துவையல் இரண்டாந்தரம் கேளுங்கள், கொடுப்பார், சங்கடப்படாதீர்கள். ஜூஸ் கடைசியில். பார்சல் வேண்டவே வேண்டாம், அது பாவம். குஸ்கா நாளாக அமைந்துவிட்டால் ஒன்றரை மணி வரைக்கும் அங்கேயே எங்காவது நிழலில் சுற்றிக்கொண்டிருங்கள். தேக்சா சுரண்டுகிற சத்தம் கேட்டதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், அக்கா கண்ணில் பட்டால் ஒரு அள்ளு கிடைக்கலாம். பிள்ளைகளுக்கு அப்புறம்தான் பெரியவர்கள். பெரியவர்களில், எனக்கு அப்புறம்தான் நீங்கள்.